பழைய டிரம் அணி மறுபடி கூடும்போது என்ன கேட்பது?

அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஐம்பது பேர், ஒரே நிறச் சட்டையும் தொப்பியுமாக ஒரு பள்ளி மைதானத்தில் பிறைவடிவில் நின்று பியூகிள் என்ற ஊதுகுழலும் டிரம்முமாக முழங்குகிறார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அமெரிக்காவில், குறிப்பாக மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி பக்கத்தில், கத்தோலிக்கப் பங்குகள் ஒருகாலத்தில் வளர்த்த இளைஞர் டிரம் அணிகள் தங்கள் ஐம்பதாவது, அறுபதாவது ஆண்டைக் கொண்டாடக் கூடுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். புதிதாகப் போகிறவர் ஒன்று வயதுக்கு மரியாதை கொடுத்துக் கைதட்டுவார். அல்லது இன்றைய இளம் அணிகளோடு ஒப்பிட்டு உச்சுக்கொட்டுவார். இரண்டிலும் காதுக்கு வேலை இல்லை. இந்த இசையில் பெரும்பகுதி ஏட்டில் ஏறாமல் வாசித்தவர்களின் கைகளிலும் உதடுகளிலும்தான் தங்கியிருக்கிறது. ஆகவே ஆண்டுவிழாக் கூடலை ஒரு கலையின் மூலப்பிரதியைக் கேட்கக் கிடைத்த அரிய வாய்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். முதல் உலகப்போரில் பங்கெடுத்த சிப்பாய்கள் 1919-ல் அமெரிக்கன் லீஜன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ராணுவத்தில் பழகிய பியூகிளும் டிரம்மும் அவர்களோடு ஊருக்குள் வந்தன. பிள்ளைகளின் அணிகளுக்குப் போட்டி நடத்தும் வழக்கம் பின்னாலேயே வந்தது. 1930-ல் சிகாகோவில் ஆயர் பெர்னார்டு ஷீல் கத்தோலிக்க இளைஞர் அமைப்பை ஏற்படுத்தினார். குத்துச்சண்டையையும் கூடைப்பந்தையும் போலவே டிரம் அணியும், விடலைப் பையன்களைத் தெருவிலிருந்து கோவில் வளாகத்துக்குள் இழுத்துவர ஒரு வழியாயிற்று. 1934-ல் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டில் ஹோலி நேம் கேடட்ஸ், 1940-ல் பாஸ்டனின் ஹைட் பார்க்கில் மோஸ்ட் பிரஷியஸ் பிளட் பங்கின் குருசேடர்ஸ், 1964-ல் பேயோனில் புனித அந்திரேயா பங்கின் பிரிட்ஜ்மென் என்று பெயர்கள் நீளும். 1972-ல் டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு தன் முதல் தேசியப் போட்டியை விஸ்கான்சினில் நடத்தியது. அதன்பிறகு கோடை முழுக்கப் பேருந்தில் நாடு சுற்ற வேண்டிய நிலை வந்தது. ஒரு பங்கின் பிங்கோ வருமானத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை. பல அணிகள் கலைந்தன, சில பங்கை விட்டு வெளியேறித் தனி நிறுவனங்களாயின.

கேட்க வேண்டிய முதல் விஷயம் பியூகிள். ஜி சுருதியில் அமைந்த பழைய பியூகிளுக்கு, விரலால் அழுத்திச் சுருதி மாற்றும் பிஸ்டன் ஒன்றே ஒன்றுதான். ஜியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், பிஸ்டனைத் தொடாமல் ஊதும்போது சுத்தமாகக் கிடைப்பவை ஸ, க, ப. பிஸ்டனை அழுத்தினால் ப, நி, ரி. மத்யமமும் தைவதமும் நம்பி நிற்கும்படி அமையாது. மறுகையால் இயக்கும் சறுக்குக்குழாயும் பிறகு ரோட்டர் என்ற சுழல்வால்வும் சேர்ந்தபோது இந்தக் குறை ஓரளவு தீர்ந்ததே தவிர, வேகமான மெட்டு ஒன்றை ஒருவரே முழுசாக வாசிப்பது கடினமாகவே இருந்தது. அதனால் இசை அமைத்தவர்கள் ஒரு மெட்டையே உடைத்துப் பங்கு போட்டார்கள்: இரண்டு சுரம் இவருக்கு, அடுத்த சுரம் பக்கத்தில் நிற்பவருக்கு. பழைய அணி வாசிப்பதில் மெட்டு இடமிருந்து வலமாக நகர்வதுபோல் கேட்கிறதே, அதற்குக் காரணம் இந்தப் பஞ்சம்தான். நடுப்பாட்டில் எல்லாரும் சேர்ந்து நீளமாகப் பிடித்து மெல்ல மெல்லப் பெருக்கும் சுரக்கூட்டும் அப்படியே: வேகத்தில் காட்ட முடியாததைப் பருமனில் காட்டினார்கள். 1977-ல் இரண்டு பிஸ்டன், 1990-ல் மூன்று, 2000-ல் எந்தச் சுருதி வாத்தியமும் வரலாம் என்று விதிகள் தளர்ந்ததும் அந்தப் பஞ்சம் தீர்ந்தது. பஞ்சம் பெற்றெடுத்த உத்திக்கும் வேலையில்லாமல் போயிற்று. ஆகவே கூடலுக்குப் போனால் முதலில் கவனிக்க வேண்டியது, பழைய ஒற்றைப் பிஸ்டன் கருவிகளையே தேடிப்பிடித்து வைத்திருக்கிறார்களா, இல்லை மூன்று பிஸ்டன் கருவியில் வசதியாக வாசிக்கிறார்களா என்பதை. இரண்டாவது குற்றமல்ல, ஆனால் அதில் அந்த இடம் மாறும் மெட்டைத் தேடிக் களைத்துப்போகாதீர்கள்.

இரண்டாவது விஷயம் டிரம், என் கணக்கில் அதுதான் முக்கியம். 1933-ல் உருவான அமெரிக்க டிரம்மர் சங்கம் ஒன்று ரூடிமென்ட் எனப்படும் அடிப்படைக் கைப்பாடங்களைத் தொகுத்தது. அதன் பட்டியல் 26-ல் நின்று நெடுநாள் வேதமாக இருந்தது. பாரடிடில் என்பது அதில் ஒன்று: வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம். சொல்லையே வாயால் உருட்டினால் கைக்கு வழி கிடைத்துவிடும். நம் மிருதங்கக்காரர் சொற்கட்டைச் சொல்லிக்காட்டிவிட்டு வாசிப்பதைப் போலத்தான். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத பத்துவயதுப் பையன்களுக்குக் கோவிலின் அடித்தளக் கூடத்தில் இப்படி வாய்வழியே ஏற்றப்பட்ட பாடங்கள் பல எழுதி வைக்கப்படவே இல்லை. எந்த அடி எந்தக் கையில் விழ வேண்டும், குச்சி எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்பதெல்லாம் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறியது. இதைக் காதால் மட்டும் பிடிக்க முடியாது, பார்க்க வேண்டும். எட்டு ஸ்னேர் டிரம்காரர்கள் வரிசையாக நிற்கும்போது இடதுகையைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் டிரம் தோள்வாரில் தொங்கி, இடது தொடைமேல் சாய்ந்து கிடக்கும். சாய்ந்த தோலை எட்டுவதற்காக இடது குச்சியை உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரல் கவட்டையில் செருகிப் பிடித்தார்கள். பிறகு டிரம்மைச் சமமாகத் தாங்கும் சட்டம் வந்தது. இரண்டு கையும் ஒரேமாதிரி பிடிக்கலாம் என்றாயிற்று. ஆக ஒரே வரிசையில் இரண்டு பிடிகளும் கலந்திருந்தால், இரண்டு தலைமுறையும் இரண்டு ஆசிரியர்களும் அங்கே அக்கம்பக்கமாக நிற்கிறார்கள் என்று ஊகிக்கலாம். எந்த இசைத்தட்டும் இதைச் சொல்லாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒலிப்பதிவுகள்தான் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, நல்லவையே இருக்கின்றன. மாசசூசெட்ஸின் ரெவியர் நகரில் இருந்த ஃப்ளீட்வுட் ரெக்கார்ட்ஸ் இந்தப் போட்டிகளைப் பதிந்து இசைத்தட்டுகளாகத் தொடர்ந்து வெளியிட்டது. அது செய்த தொண்டு சாதாரணமல்ல. ஆனால் நூறு கெஜ மைதானத்தில் நகர்ந்துகொண்டே வாசிக்கும் அணியை நிலையாக வைத்த மைக்குகள் கேட்ட விதம் அது. எது பக்கத்தில் வந்ததோ அது பெரிதாகக் கேட்கும், எது விலகியதோ அது மங்கும். பழைய இசையைப் புதிதாக எடுத்து வாசிப்பதும் இந்த இடத்தை நிரப்பாது. கார்ஃபீல்டில் பிறந்த கேடட்ஸ் அணி 1984-ல் வெஸ்ட் சைட் ஸ்டோரி என்ற இசைநாடகத்தின் இசையை வாசித்துத் தேசியப் பட்டம் வென்றது. தன் 75-ஆவது ஆண்டான 2009-ல் அதே இசைக்குத் திரும்பி வந்தது. வேறு கருவிகள், 1984-ல் பிறந்தே இராத பிள்ளைகள். அது மறு ஆக்கம், அதற்கென்று ஒரு தனி ருசி உண்டு. மூலம் அல்ல.

இன்னொரு மறுப்பு கனமானது. முதுமை மூலத்தைக் கெடுத்துவிடாதா? உச்ச சுரம் எட்டாது, மூச்சு பாதியில் அறும், நடையே கிடையாது, நினைவோ ஏமாற்றும். எல்லாம் உண்மை. ஆனால் இதைச் சொல்லும் காது எங்கே பழகியது என்று கேட்க வேண்டும். பழைய போட்டிகளில் நடுவர்கள் வரிசைகளுக்கு நடுவே கையில் அட்டையோடு நடந்து, தவறு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுவார்கள்; ஒரு கோடு என்றால் புள்ளி ஒன்று, அதாவது பத்தில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். நூறில் தொடங்கிக் கீழே இறங்கும் கணக்கு அது. 1980-களில்தான் அது முற்றாக ஒழிந்தது. அந்தக் கணக்கு எதைத் தேடியது? ஒருவர் மற்றவரிலிருந்து பிரிந்து தெரியும் கணத்தை. இருபது ஊதுகுழல்களில் ஒன்று மட்டும் காதில் விழுந்தால் அது குற்றம். இப்படி அரை நூற்றாண்டு பழகிய ரசனையைக் கூடலுக்குக் கொண்டுபோனால் குற்றங்கள்தான் கிடைக்கும், மூட்டை மூட்டையாக. அதைக் கழற்றி வைத்தால், போட்டி மறைத்து வைத்திருந்தது வெளியே வரும்: ஒரே பாடத்தைக் கற்ற பலர் அதை எப்படியெப்படி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. முதுமை உதட்டையும் காலையும் கெடுக்கிறது. எந்த இடத்தில் மூச்சு எடுப்பது, எந்த அடியை ஒரு மயிரிழை தாமதித்துப் போடுவது என்ற பழக்கம் அவ்வளவு சுலபமாகக் கெடுவதில்லை. மைதானம் முழுக்க நகரும் அணியில் இதைப் பிரித்துக் கேட்க முடியாது. அரைவட்டத்தில் நின்று வாசிப்பதால்தான் முடிகிறது. நடக்க முடியாமை கேட்பவருக்கு அனுகூலம். நினைவு ஏமாற்றுவதும் பயனில்லாமல் போவதில்லை. 1964-ல் இருந்தவரும் 1971-ல் சேர்ந்தவரும் ஒரே பாட்டின் இரண்டு பாடபேதங்களைக் கையில் வைத்திருக்கக்கூடும். முதல் ஒத்திகையில் அவை மோதும்போதுதான் அப்படி ஒரு பேதம் இருந்ததே தெரியவரும்.

ரெவியரின் 27-வது லான்சர்ஸ் இதற்கெல்லாம் நல்ல சான்று. அங்கிருந்த இம்மாகுலேட் கன்செப்ஷன் பங்கின் ரெவரீஸ் என்ற அணியிலிருந்து 1960-களின் கடைசியில் பிரிந்து உருவான அணி அது. 1980-ல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்ஸில் வாசித்த பெருமை உண்டு. துப்பாக்கியைச் சுழற்றி எறிந்து பிடிக்கும் அதன் அலங்கார அணிக்குத் தனிப்பேர். 1986-ல் கலைந்தது. 1994-ல் தேசிய இறுதிப்போட்டி பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஃபாக்ஸ்பரோ அரங்கில் நடந்தபோது பழைய உறுப்பினர்கள் பெருங்கூட்டமாகத் திரும்பி வந்து வாசித்தார்கள். அவர்களுடைய அடையாளப் பாட்டு டேனி பாய். இத்தாலிய வம்சத்தார் நிறைந்த ஊர், பிரிட்டிஷ் ஈட்டிப்படையை நினைவூட்டும் பெயரும் உடுப்பும், அயர்லாந்து மெட்டு! குடியேறிகளின் பங்குக்கோவில் உலகத்தில் யாருக்கும் இது முரணாகப் படவில்லை. அந்த மெட்டு இந்தக் கருவிகளுக்கு ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பதையும் காது சொல்லிவிடும்: நீளமான சுரங்கள், நிதானமான ஏற்றம், உச்சியில் நின்று இறங்க நேரம். விரல்வேகம் வேண்டாத, ஆள்பலம் வேண்டிய பாட்டு. கூடலில் ஆள் எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கூடிவிடும் என்பதால் அது இன்னும் பொருந்தும். இப்படி ஒவ்வொரு அணிக்கும் ஒரு பாட்டு இருக்கும். போவதற்கு முன் அது எது என்று தெரிந்துகொள்வது பாதி வேலை.

கடைசி மறுப்பு ரசனையைப் பற்றியதல்ல, மனச்சாட்சியைப் பற்றியது. இந்தக் கூடல்கள் ஒரு பொற்காலத்தைப் பொய்யாகப் பூசிக் காட்டுகின்றன என்பார்கள். பல பங்கு அணிகளில் பெண்பிள்ளைகளுக்கு இடமே இல்லை. ஹிக்ஸ்வில்லின் புனித இக்னேஷியஸ் அணியைப் போலப் பெண்களுக்கென்று தனி அணிகள் இருந்தன. ஒழுங்கு என்ற பெயரில் கடுமை இருந்தது. அதைவிட மோசமானதும் இருந்தது: ஹோலி நேம் பங்கில் பிறந்த கேடட்ஸ், தன் 90-ஆவது ஆண்டான 2024-ல், 1980-களில் நடந்ததாகச் சொல்லப்படும் பாலியல் வன்கொடுமை தொடர்பான வழக்கின் சுமையில் நடவடிக்கைகளை நிறுத்திக்கொண்டது. பாஸ்டன் உயர்மறைமாவட்டமும் பாதிரியார்களின் குற்றங்கள் 2002-ல் வெளியான பிறகு, 2004-ல் அறுபதுக்கும் மேற்பட்ட பங்குகளை மூடப்போவதாக அறிவித்தது. அதற்கு ஆள்குறைவும் பணமுடையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இதையெல்லாம் மறந்துவிட்டுக் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. மூலப்பிரதியாகக் கேட்பதற்கும் புனிதப்பொருளாகக் கும்பிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பிரதியில் விடுபட்ட பக்கங்களும் பிரதியின் பகுதியே. அரைவட்டத்தில் யார் நிற்கவில்லை, மேடையில் எந்த ஆண்டுகளைப் பற்றிப் பேச்சே எழவில்லை என்பதையும் கவனமான ரசிகர் குறித்துக்கொள்வார். நெகிழ்ந்து கண்ணைத் துடைப்பவரைவிட அவருக்கு அது எளிது.

நடைமுறைக்கு வருவோம். உயரமான நடு இருக்கை வேண்டாம். அது போட்டிக்காரர்களின் இடம், மைதானத்துக் கோலம் பார்க்க ஏற்றது. இங்கே கோலமே இல்லை. டிரம் பக்கமாக, கைகள் தெரியும் தூரத்தில் கீழ்வரிசையில் உட்காருங்கள். காது கூசும் என்றால் பஞ்சு வைத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. முடிந்தால் நிகழ்ச்சிக்கு ஒன்றரை மணிநேரம் முன்பே போய்விடுங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் டிரம்காரர்கள் கைபழக்கிக்கொண்டிருப்பார்கள். வயதில் மூத்தவராகப் பார்த்து, அந்தப் பாடத்தை வாயால் சொல்லிக்காட்ட முடியுமா என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கியதும் பக்கத்திலிருப்பவர் குறுக்கிட்டு, அப்படியில்லை, அந்த வருஷம் மாற்றிவிட்டார்களே என்பார். உள்ளே இடம் பிடிக்க அவசரப்படாமல் அந்தச் சண்டை முடியும்வரை நில்லுங்கள்.