தோல்வியற்ற கணக்கின் மதிப்பு

குத்துச்சண்டையைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தோல்வியே காணாதவன் என்ற பெயரைக் காட்டிலும் பெரிய கீர்த்தி வேறில்லை. ஆனால் அந்தப் பெயர் வீரனுடைய கரங்களால் மட்டும் சம்பாதிக்கப்படுவதன்று, எதிராளியையும் களத்தையும் காலத்தையும் தேர்ந்து கொடுக்கும் போட்டி முதலாளிகளின் சாமர்த்தியமும் அதில் கலந்தே இருக்கிறது. வேல்ஸ் நாட்டு வீரர் ஜோ கால்ஸாகி 1993 முதல் 2008 வரை 46 போட்டிகளில் இறங்கி, அத்தனையிலும் வென்று, 2009 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். தோல்வியற்ற கணக்கைக் காத்து வளர்க்கும் இந்த வழக்கத்தின் குணதோஷங்களை ஆராய்வதற்கு அவருடைய வாழ்க்கை மிகவும் ஏற்றது.

முதலில் குணத்தைச் சொல்லிவிடுவது நியாயம். இளம் வீரனைப் பக்குவம் அடையுமுன் கொடிய எதிராளியின் முன் நிறுத்துவது, வித்தையையும் உடலையும் ஒருங்கே பாழாக்கும் காரியம். ஸார்டீனியாத் தீவிலிருந்து வந்தவரும், சங்கீதத்தில் ஈடுபட்டவரும், குத்துச்சண்டைக் களத்தில் தாம் ஒருநாளும் இறங்காதவருமான தந்தை என்ஸோவே கால்ஸாகிக்குக் குருவாக வாய்த்தார். சம்பிரதாயத்தில் தோயாத அந்தப் போதனையால், இடக்கை வீரரான மகனிடம் அடிகள் எந்தக் கோணத்திலிருந்து வரும், எப்போது ஓயும் என்று எதிராளி ஊகிக்க முடியாத ஒரு வேகம் உருவாயிற்று. படிப்படியாக 22 வெற்றிகளைப் பெற்ற பிறகே, 1997 அக்டோபரில் ஷெஃபீல்டு நகரில் கிறிஸ் யூபாங்க் என்ற பிரசித்தி பெற்ற வீரரை எதிர்த்து, முதல் சுற்றிலேயே அவரைத் தரையில் வீழ்த்தி, பன்னிரண்டு சுற்றுகளின் முடிவில் உலகக் குத்துச்சண்டை அமைப்பின் பட்டத்தை வென்றார். பொறுமையான வளர்ப்பு இதுவரையில் தன் பயனைக் கொடுத்தது.

தோஷம் அதன் பின்னரே தலைகாட்டுகிறது. ஒரே எடைப் பிரிவுக்கு நான்கு சங்கங்கள் நான்கு உலக வீரர்களை அங்கீகரிக்கும் தொழிலில், பட்டம் பெற்றவன் தனக்குச் சமமானவனைச் சந்திக்காமலே பல வருஷம் பட்டத்தைக் காப்பாற்றலாம். கால்ஸாகி ஆடிய அதே பிரிவில், அதே வருஷங்களில், ஜெர்மனியின் ஸ்வென் ஓட்கே என்பவரும் வேறொரு சங்கத்தின் பட்டத்தைத் தாங்கி, தோல்வியற்றவராகவே 2004-இல் விலகினார். இருவரும் ஒருமுறையேனும் மோதவில்லை. மோதியிருந்தால் ஒரு கணக்கேனும் களங்கம் அடைந்திருக்கும், மோதாமையால் இரண்டும் தூயனவாக நின்றன, நஷ்டம் ரசிகர்களுக்கே. கால்ஸாகியும் பெரும்பாலும் பிரிட்டனிலேயே ஆடினார். அவரை வீட்டுத் திண்ணை வீரர் என்று அமெரிக்கர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

2005-ஆம் வருஷத்தின் இறுதியில் அவர் 40 வெற்றிகளுடன் நின்றார். மறு வருஷம் மார்ச்சில் மான்செஸ்டரில், தோல்வியே அறியாத அமெரிக்கர் ஜெஃப் லேஸியுடன் போட்டி ஏற்பாடாயிற்று. கையில் காயம் இருந்தபடியால் விலகிக்கொள்ளவே அவர் எண்ணினார். கணக்கைக் காக்கும் வழக்கமும் அதையே உபதேசித்திருக்கும். தந்தையோ வற்புறுத்தி அவரைக் களத்தில் இறக்கினார். விளைவு, பன்னிரண்டு சுற்றிலும் லேஸியைத் திகைக்க வைத்த ஓர் அபூர்வமான வித்தைக் காட்சி. 2007 நவம்பரில் கார்டிஃப் நகரில், ஐம்பதினாயிரம் பேருக்கு மேற்பட்டோர் முன்னிலையில், அதுவரை தோல்வி காணாத டென்மார்க்கின் மிக்கெல் கெஸ்லரையும் வென்றார்.

அவருடைய முறையைக் கண்டிப்பவர்கள், அவர் முஷ்டியால் குத்துவதைவிடத் திறந்த கையால் அறைவதே அதிகம் என்பார்கள். அதில் உண்மை உண்டு. எலும்பு எளிதில் நோகும் கரங்களைக் கொண்டவர், அடியின் பாரத்தைக் குறைத்துத் தொகையைப் பெருக்கினார். அமெரிக்காவில் நடந்த கடைசி இரு போட்டிகளில், 43 வயதான பெர்னார்டு ஹாப்கின்ஸும் 39 வயதான ராய் ஜோன்ஸும் முதல் சுற்றிலேயே அவரைத் தரையில் தள்ளினர். எழுந்து இருவரையும் வென்றாலும், ஹாப்கின்ஸுடனான தீர்ப்பில் மூன்று நடுவர்களுள் ஒருவர் மாறுபட்டார். அவ்விருவரும் யௌவனத்தைக் கடந்த பின்னரே அவரைச் சந்தித்தனர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் ஒன்றை யோசிக்க வேண்டும். 2005-இல் ஓய்வு பெற்றிருந்தாலும் அவருடைய தோல்விக் கணக்கு பூஜ்யமாகவே இருந்திருக்கும். அப்போது அவரை ஓட்கேயின் வரிசையில் வைத்து மறந்திருப்பார்கள். பின்வந்த ஆறு போட்டிகள் அந்தப் பூஜ்யத்தைச் சிறிதும் மாற்றவில்லை. மனிதரின் மதிப்பையோ முற்றிலும் மாற்றிவிட்டன. ஆகவே, தோல்வியற்ற கணக்கைக் காக்கும் வழக்கம் கற்கும் பருவத்துக்கு நல்ல வேலி. முதிர்ந்த வீரனுக்கு அதுவே சிறையாகிறது. ஒரு வீரன் எத்தனை முறை தோற்றான் என்று கேட்பதைவிட, தோற்கக்கூடிய போட்டிகள் எத்தனையை அவனாக ஏற்றான் என்று கேட்பதே சரியான அளவுகோல். அந்த அளவுகோலால் அளக்கும்போது, கால்ஸாகியின் பெருமை முந்திய பன்னிரண்டு வருஷங்களைக் காட்டிலும் கடைசி மூன்று வருஷங்களையே பெரிதும் சார்ந்து நிற்கிறது.