வென்றவரின் ஒலிநாடா

'லெட் செப்பெலின்' என்ற ஆங்கிலேய றொக் இசைக்குழு 1972ஆம் ஆண்டு யூன் 25ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் 'ஃபோறம்' அரங்கிலும், ஒரு நாள் இடைவெளி விட்டு 27ஆம் திகதி லோங் பீச் அரங்கிலும் வாசித்தது. இரண்டு இரவுகளும் ஒலிப்பதிவாகின. அந்த நாடாக்கள் 31 வருடங்கள் பெட்டிக்குள் கிடந்து, 2003 மே மாதத்தில் மூன்று இசைத்தட்டுகளாக வெளிவந்தன. தலைப்பு 'ஹவ் த வெஸ்ற் வோஸ் வொன்', அதாவது 'மேற்கு எவ்வாறு வெல்லப்பட்டது'. வந்தவுடனேயே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்போது அந்தக் குழு கலைந்து ஏறத்தாழ 23 வருடங்கள். மேளக்காரர் ஜோன் போனம் 1980 செப்ரெம்பரில் இறந்தபின் மற்ற மூவரும் குழுவைத் தொடரவில்லை.

ஒரு தமிழ்ச் சஞ்சிகையில் இதைப்பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். இந்தத் தட்டைச் சுற்றி ரசிகர்கள் இன்றுவரை நடத்தும் சண்டை எம்மைச் சிந்திக்க வைத்தது என்பதே எமது பதில். நடந்த ஒன்றைப் பின்னர் எப்படிச் சொல்வது, வெட்டும் உரிமை யாருக்கு, யாருடைய பெயர் அட்டையில் வரும் என்பவை அந்தச் சண்டையின் பொருள்கள். இவற்றை நாம் அந்நியமான விடயங்கள் என்று தள்ளிவிட முடியாது.

முதலில் பின்னணி. இந்தக் குழு இயங்கிய காலத்தில் அதிகாரபூர்வமாக வெளிவந்த மேடைப்பதிவு ஒன்றே ஒன்றுதான். 1973இல் நியூ யோர்க் மடிசன் ஸ்குவெயர் கார்டனில் பதிவாகி, 1976இல் திரைப்படத்துடன் சேர்ந்து வந்த 'த சோங் றிமெயின்ஸ் த சேம்'. அது களைத்துப்போன பதிவு என்று ரசிகர்கள் பலர் அன்றே முணுமுணுத்தனர். நல்ல இரவுகள் வேறு உண்டென்பது அவர்களுக்குத் தெரியும். எப்படி? கள்ளத்தட்டுகள் மூலம்! 1970 செப்ரெம்பர் 4ஆம் திகதி அதே ஃபோறம் அரங்கில் கூட்டத்துக்குள் இருந்து பதிவுசெய்யப்பட்ட 'லைவ் ஒன் புளூபெரி ஹில்' றொக் உலகின் ஆரம்பகாலக் கள்ளத்தட்டுகளில் ஒன்று. பின்னாட்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் ஊனமுற்றவரைப்போல உட்கார்ந்து, அதற்குள் பதிவுக்கருவியை ஒளித்துக் கொண்டுபோய்ப் பிடித்தார். குழுவின் முகாமையாளர் பீற்றர் கிறான்ற் இப்படிப்பட்டவர்களைக் கண்டால் கருவியை உடைத்துவிடுவார். 1971இல் வான்கூவரில் அவர் உடைப்பித்தது சத்தத்தின் அளவை அளக்க வந்த அரச அதிகாரிகளின் கருவியை என்பது அந்த வரலாற்றின் நகைச்சுவை.

ஆக, உத்தியோகபூர்வமான பெட்டகம் பூட்டிக் கிடந்த காலம் முழுவதும் இன்னொரு பெட்டகம் ரசிகர்களின் கைகளில் வளர்ந்து வந்தது. இரைச்சலும் இருமலும் பக்கத்திலிருப்பவனின் கூச்சலும் கலந்த பெட்டகம். 1972 யூன் 25 இரவுகூட 'பேர்ன் லைக் எ கான்டில்' என்ற பெயரில் அங்கு ஏற்கனவே இருந்தது. ஆகவே 2003இல் அதிகாரபூர்வமான தட்டு வந்தபோது ரசிகர்கள் அதை வெறும் காதோடு கேட்கவில்லை. பக்கத்தில் மற்றதை வைத்து ஒப்பிட்டுக் கேட்டார்கள். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

கிற்றார்க்காரரும் தயாரிப்பாளருமான ஜிம்மி பேஜ் இரண்டு இரவுகளிலிருந்தும் சிறந்த பகுதிகளைத் தெரிந்தெடுத்து, ஒரே கச்சேரிபோலக் கோத்திருந்தார். ஒரே பாடலுக்குள்ளேயே இரண்டு இரவுகளும் ஒட்டப்பட்ட இடங்கள் உண்டு என்று ஒப்பிட்டவர்கள் கண்டுபிடித்தார்கள். ஃபோறத்தில் வாசித்த 'தாங்க் யூ', 'கம்யூனிகேஷன் பிரேக்டவுன்' போன்றவை தட்டில் இல்லை. இரண்டு அரங்குகளின் பெயர்களும் அட்டையில் இருக்கின்றன. ஆனால் எந்தப் பாட்டு எந்த இரவுக்குரியது, தையல் எங்கே விழுந்தது என்பது கேட்பவனுக்குச் சொல்லப்படவில்லை.

ரசிகர்கள் இரண்டு அணியானார்கள். நாம் வேலை செய்யும் ரெஸ்ரோறன்ற் குசினியிலும் அந்த இரண்டு அணிகளும் உண்டு. தலைமைச் சமையற்காரருக்கு வயது அறுபதுக்கு மேல். கள்ளத்தட்டுகளைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்தவர். அவருக்கு இந்தத் தட்டு 'பொய்ச்சாட்சி'. சலாட் போடும் பெடியனுக்கு இருபத்தைந்து இருக்கும். 'நல்லாயிருக்கிறதை மட்டும் கேட்டால் என்ன குறை? நீங்கள் சோஸ் வைக்கும்போது கருகினதையும் சேர்த்தா தட்டில் போடுகிறீர்கள்?' என்று கேட்பான். சனிக்கிழமை இரவுகளில் கடைசி மேசை எழும்பியபிறகு இந்த விவாதம் சூடு பிடிக்கும். கோப்பை கழுவிக்கொண்டிருந்த எம்மவர் ஒருவர், விடயத்தை நாம் தமிழில் விளக்கியபோது சொன்னார்: 'ரெண்டு ராத்திரி நடந்ததை ஒரே ராத்திரியில நடந்ததெண்டு நாங்கள் சொல்லியிருந்தால், எங்கட கேசை அண்டைக்கே அடிச்சு மூடியிருப்பாங்கள்.'

இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. அகதி விசாரணையில் எமது வாழ்க்கை திகதிகளாகவும் இடங்களாகவும் கேட்கப்படுகிறது. முதலாம் விசாரணையில் மாலை என்றும் இரண்டாம் விசாரணையில் இரவு என்றும் சொன்னால் அது 'முரண்பாடு'. மனித ஞாபகம் இயல்பாகவே இரண்டு இரவுகளை ஒன்றாக்கும் என்று அங்கே வாதாட முடியாது. ஆனால் புகழ்பெற்ற ஓர் இசைக்கலைஞர் அதையே கத்தரிக்கோலோடு உட்கார்ந்து செய்தால் அது கலை! ஞாபகத்தைத் திருத்தும் உரிமையும் உலகில் சமமாகப் பங்கிடப்படவில்லை.

எனினும் இதை வைத்துக்கொண்டு பேஜின் வேலையை நிராகரிப்பது விமர்சனம் ஆகாது. இசைத்தட்டு ஒன்று நீதிமன்ற வாக்குமூலம் அல்ல. 1976இன் தட்டும் மூன்று இரவுகளிலிருந்து எடுக்கப்பட்டதுதான். தட்டைக் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கேட்டால், 1972தான் தமது உச்சம் என்று பேஜ் சொல்வதை மறுப்பது கடினம். 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ' பாடலில் ஜோன் போல் ஜோன்ஸ் ஓர்கன் வாசித்துக்கொண்டே காலால் பாஸ் சுரங்களை மிதிக்கிறார். போனம் தாளத்தைச் சற்றே பின்னுக்குப் பிடித்து வைத்திருக்கிறார். அந்த இழுவையில்தான் பாட்டின் துயரம் இருக்கிறது. நடுவே வரும் மூன்று மென்மையான பாடல்களில், பல்லாயிரம் பேர் கொண்ட அரங்கு ஒரு சிறிய அறையாகச் சுருங்குவதை உணரலாம். 'டான்சிங் டேய்ஸ்', 'த ஓஷன்' ஆகியவற்றைக் கூட்டம் அன்றுதான் கேட்கிறது. அவை இடம்பெற்ற தட்டு 1973 மார்ச்சில்தான் வந்தது. பழகிய பாட்டுக்கு எழும் கூச்சலும் புதுப் பாட்டுக்கு எழும் தயக்கமும் வேறுபடுவதைக் கவனித்துக் கேட்டால், அந்தக் கூட்டமும் இந்தத் தட்டின் ஓர் இசைக்கருவி என்பது விளங்கும்.

குறைகளும் உண்டு. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் நீளும் போனத்தின் தனியாவர்த்தனம் நேரில் பார்த்தவர்களுக்கு விருந்தாக இருந்திருக்கலாம், வீட்டில் கேட்பவனுக்குச் சோதனை. கெவின் ஷேர்லி செய்த கலவை மேளத்தை முன்னுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் பளபளப்பாக்கிவிட்டது. 2018இல் மீண்டும் துலக்கி வெளியிட்டார்கள். பளபளப்புத்தான் கூடியது. தலைமைச் சமையற்காரரின் இரைச்சல் நாடாவில், மேடையிலிருந்து வரும் ஒலி அரங்கின் சுவரில் மோதித் திரும்புவது கேட்கும். அதிகாரபூர்வமான தட்டில் நாம் மேடைமேல் நிற்கிறோம். கள்ள நாடாவில் நாம் ரிக்கற் வாங்கி உள்ளே போன ஒருவன். இரண்டும் உண்மைதான், நிற்கும் இடம் வேறு.

ரசிகர்களின் சண்டை தையல்களோடு நின்றுவிடுகிறது. எமக்கு அதைவிடப் பெரிய கேள்வி அட்டையில் அச்சான பெயர்கள் பற்றியது. இருபத்தைந்து நிமிடம் நீளும் 'டேஸ்ட் அன்ட் கொன்ஃபியூஸ்ட்' 2003இல் பேஜின் ஆக்கமாகவே போடப்பட்டது. அதே தலைப்பில் ஜேக் ஹோல்ம்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் 1967இலேயே ஒரு பாட்டை வெளியிட்டிருந்தார். அவர் 2010இல் வழக்குப் போட்டபின், 2012இல் வந்த 'செலிபிறேஷன் டே' தட்டில்தான் 'ஹோல்ம்ஸின் உந்துதலால்' என்ற குறிப்பு ஏறியது. 'ஹோல் லோட்டா லவ்' பாட்டின் வேர், மடி வோட்டர்ஸ் 1962இல் பாடிய வில்லி டிக்சனின் பாடலில் இருக்கிறது. சிக்காகோவின் அந்தக் கறுப்பினக் கலைஞர் 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் இணக்கம் ஏற்பட்டது. நியாயமாகச் சொன்னால், இந்தத் தட்டில் அந்தப் பாட்டுக்கு நடுவே ஜோன் லீ ஹூக்கரின் பாட்டு வரும்போது அவர் பெயர் போடப்பட்டிருக்கிறது. ஆனால் வழக்குப் போட்ட பிறகே பெயர் வருகிறது என்றால், வழக்குப் போட வசதியில்லாதவன் எங்கே போவான்?

அதே 1972. ஒக்டோபர் மாதம் பேஜும் பாடகர் றொபேர்ட் பிளாண்டும் பம்பாயில் உள்ளூர் இசைக்கலைஞர்களை வைத்துத் தமது இரண்டு பாடல்களைப் பதிவுசெய்தார்கள். கிழக்கத்திய வாசிப்போடு கூடிய அந்தப் பதிவும் பெட்டிக்குள் போனது. அது வெளிவர 43 வருடங்கள் எடுத்தன. 2015இல் 'கோடா' தட்டின் விரிவாக்கிய பதிப்போடுதான் வந்தது. வாசித்தவர்களுக்கு அங்கே வழங்கப்பட்ட பெயர் 'பம்பாய் ஓர்கெஸ்ட்ரா'. லொஸ் ஏஞ்சல்ஸ் நாடாவில் எந்தத் தையல் எந்த நிமிடத்தில் என்று துருவித் துருவித் தேடும் ரசிகர்கள், இந்தப் பம்பாய்க் கலைஞர்கள் யார் என்று அதே ஆவேசத்தோடு சண்டை பிடித்ததை நாம் காணவில்லை. ஒரு நகரத்தின் பெயரை ஒட்டிவிட்டால் மனிதர்களின் பெயர் தேவையில்லை போலும்!

இனித் தலைப்புக்கு வருவோம். 'மேற்கு எவ்வாறு வெல்லப்பட்டது' என்பது 1962இல் வந்த ஹொலிவூட் படமொன்றின் பெயர். செவ்விந்தியரின் நிலத்தில் வெள்ளையர் குடியேறிய கதையை வீரகாவியமாக்கிய படம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் கொடிகட்டிப் பறந்த ஓர் ஆங்கிலேயக் குழு அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தத் தட்டின் முதற் பாட்டு என்ன? 'இமிகிறன்ற் சோங்', 'குடியேறியின் பாட்டு'! 1970 யூனில் ஐஸ்லாந்தின் ரெய்க்ஜாவிக்கில் வாசித்துத் திரும்பியபின் எழுதப்பட்டது. அங்கே குடியேறி என்பவன் கப்பலில் வந்து கரையைப் பிடிக்கும் வைக்கிங் வீரன். பிளாண்டின் அலறல் அந்த வீரனின் போர்க்குரல்.

கப்பலில் வருபவன் வென்றால் அவன் பாட்டுக்கு நாயகன். கோப்பை கழுவ நின்றால் அவன் ஒரு கோப்பு இலக்கம். நாம் இந்தப் பாட்டைக் கேட்கும்போது இரத்தம் சூடேறுவது உண்மை. அதை மறைக்கவேண்டிய தேவையும் இல்லை, போனத்தின் தாளம் அப்படிப்பட்டது. ஆனால் அந்தச் சொல்லுக்கு எமது ஆவணங்களில் உள்ள பொருளும் இந்தப் பாட்டில் உள்ள பொருளும் ஒன்றையொன்று பார்த்துச் சிரிப்பது எமக்குக் கேட்கிறது. தட்டைத் தயாரித்தவர்களுக்கு அது கேட்டிருக்க நியாயமில்லை.

ஆகவே எமது தீர்ப்பு: இது அருமையான தட்டு. இரண்டு இரவுகளை ஒட்டியது தவறென்று சொல்லமாட்டோம். ஒட்டிய இடத்தைச் சொல்லாமல் விட்டதும், வாசித்தவனின் பெயரைப் போடாமல் விடும் அந்தப் பழக்கமும்தான் எமது மனத்தாங்கல். பெட்டகத்தின் திறப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் வெட்டத்தான் செய்வார். வெட்டியதைச் சொல்லும் நேர்மையை எதிர்பார்ப்பது பெரிய கோரிக்கை அல்ல. ரசிகர்களின் கள்ள நாடாக்கள் இல்லாதிருந்தால் வெட்டு நடந்ததே எவருக்கும் தெரியவந்திராது. வேறு கைகளில் வேறு பிரதிகள் இருப்பதன் தேவை இதுதான்.

எம்மவர் வீடுகளிலும் நிலவறைகளிலும் இப்படியான நாடாக்கள் கிடக்கின்றன. 1988இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்புகளின் உரைகள், மண்டபங்களை வாடகைக்கு எடுத்து ஆடிய நாடகங்கள், ஊரிலிருந்து அம்மா பேசி அனுப்பிய கஸற்றுகள். அவற்றில் பல இன்று ஓடவே ஓடாது. ஓடுகிறவற்றை யாராவது ஒருநாள் 'தொகுத்து' வெளியிடுவார்கள், இரைச்சலை நீக்குவார்கள், சங்கடமான கேள்வி கேட்டவரின் குரலையும் இரைச்சலோடு சேர்த்து நீக்குவார்கள். அதற்கு முன்னர் அவற்றை வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யவேண்டும். இன்னொரு பிரதி எடுத்து இன்னொருவரிடம் கொடுங்கள். உறையின்மேல் திகதியையும் இடத்தையும், மேடையில் இருந்தவர்கள் பெயரோடு மிருதங்கம் வாசித்தவர் பெயரையும், தேநீர் ஊற்றியவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதி வையுங்கள்.