இலவசத் தட்டில் தமிழின் பங்கு

நம்மவர் இல்லத் திருமணங்களில் சஹன் வைத்து விருந்திடும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு. ஒரே தட்டைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து உண்பர். அவ்விருந்தைப் பற்றிப் பின்னர் பேசும் பெரியவர்கள், தட்டில் சோறு எவ்வளவு குவிந்திருந்தது என்று கேட்பதில்லை. மறுபக்கம் அமர்ந்திருந்த சிறுவனின் கைக்குக் கறி எட்டியதா என்றே கேட்பர். பொதுவில் வைத்த தட்டுக்கு அதுவே உரைகல்.

இன்று நாட்டின் கோடிக்கணக்கான கூரைகளின் மீது வேறொரு தட்டு வானை நோக்கி அமர்ந்திருக்கிறது. ‘டி.டி. ஃப்ரீ டிஷ்’ என்பது அதன் பெயர். பிரசார் பாரதி நடத்தும் இச்சேவையை 2004 டிசம்பர் 16ஆம் நாள், ‘டி.டி. டைரக்ட் பிளஸ்’ என்னும் பெயரில், அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். அன்று அதில் இருந்தவை 33 அலைவரிசைகள். இன்று அவை பன்மடங்காகப் பெருகியுள்ளன. தட்டுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை பணம் செலவிட்டால் போதும். பிறகு மாதக் கட்டணம் என்று எதுவும் இல்லை. நான்கு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்கள் இதனைப் பயன்படுத்துவதாக மதிப்பிடுகின்றனர். ஏழை எளியவரும் காசின்றிக் காணத்தக்க இத்தகைய பெருஞ்சேவை உலகில் அரிது. இதனை முதற்கண் மனமாரப் பாராட்டி விட்டே நமது மதிப்புரையைத் தொடங்குகிறோம்.

அண்மையில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நம் உறவினர் இல்லத்தில் சில நாள்கள் தங்க நேர்ந்தது. கேபிள் கட்டணம் மாதந்தோறும் கையைக் கடிப்பதால் அவ்வீட்டார் இத்தட்டைப் பொருத்திக் கொள்ள முடிவு செய்திருந்தனர். பொருத்த வந்த இளைஞர் நல்லெண்ணத்தோடு சொன்னார்: “பாய், உங்களுக்குக் கவலையே இல்ல. உருது சேனலும் இதுல வருது.” திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி சிரித்துக்கொண்டே விடை கூறினார்: “தம்பி, பொறந்ததுலேருந்து நாங்க பேசுறது தமிழு. உருதுல ஒரு வார்த்தை தெரியாது. தமிழுல என்ன வருது, அதச் சொல்லுப்பா.”

அந்த இளைஞரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. முஸ்லிம் என்றால் உருது என்று எண்ணிக் கொள்வோர் அவரைவிட மிகப் படித்தவர்களிலும் உண்டு. 2006இல் தோன்றிய டி.டி. உருது நல்லதோர் அலைவரிசை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் உருதுவை வீட்டுமொழியாகக் கொண்ட நம் சகோதரர்களுக்கு அது பயனுடையது. ஆயின் காவிரிக் கரையிலும் கீழைக் கடற்கரையிலும் வாழும் குடும்பங்களுக்குத் தாய்மொழி தமிழே. ஆகவே, மூதாட்டி கேட்ட கேள்வியையே நாமும் நம் மதிப்புரையின் கேள்வியாகக் கொண்டோம்: தமிழில் என்ன வருகிறது?

தொலைவியக்கியைக் கையில் எடுத்து ஒவ்வோர் எண்ணாக நகர்ந்து சென்றோம். இந்திச் செய்தி, இந்தித் திரைப்படம், இந்திப் பாட்டு, போஜ்புரிப் படம், மீண்டும் இந்திச் செய்தி என்று வரிசை நீண்டுகொண்டே போயிற்று. ஓரிடத்தில் வீட்டுச் சிறுமி, “நம்ம படம்!” என்று கைதட்டிக் குதித்தாள். திரையில் தோன்றியவர் நம் நடிகர்தாம்; தெருவும் நம்மூர்த் தெருதான்; ஆனால் அவர் வாய் திறந்ததும் வந்தது இந்தி. தென்னாட்டுப் படங்களை இந்திக்கு மாற்றிக் காட்டுவது இத்தட்டில் செழித்து நடக்கும் வாணிகம். நம் சமையலறையில் சமைத்த உணவு, ஊரெல்லாம் சுற்றி, நமக்குப் பழக்கமில்லாத சுவையில் நம் முன்னே திரும்பி வந்தது போலிருந்தது. சிறுமியின் கைதட்டல் பாதியில் நின்று விட்டது.

தமிழில் நிலைத்து நிற்பது, முன்னர் ‘பொதிகை’ என்று வழங்கி 2024 ஜனவரியில் பெயர் மாறிய டி.டி. தமிழ். தனியார் தமிழ் அலைவரிசைகள் ஏலத்தைப் பொறுத்து வருவனவாகவும் போவனவாகவும் உள்ளன. உழவருக்கென 2015 மே 26 அன்று தொடங்கப்பெற்ற டி.டி. கிசானும் இத்தட்டில் உண்டு. அதன் நோக்கம் உயர்ந்ததே. எனினும் அது பெரிதும் இந்தியில் பேசுகிறது. டெல்டாவின் நெல் உழவர் புகையான் பூச்சிக்கு மருந்து கேட்டால், அவருக்குப் புரியாத மொழியில் மறுமொழி வந்து என்ன பயன்?

குறைகளை மட்டும் அடுக்குவது நடுவுநிலை ஆகாது. இத்தட்டின் மெய்யான செல்வங்களையும் கூறியாக வேண்டும். முதலாவது விளையாட்டு. நாட்டுக்கு முக்கியமானவை என அறிவிக்கப்பட்ட போட்டிகளைத் தனியார் உரிமை பெற்றிருந்தாலும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது. அவ்வாறு பகிரும் காட்சி தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் இவ்விலவசத் தட்டுக்கும் உரியதேயன்றிக் கேபிள் நிறுவனங்களுக்கு உரியதன்று என 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் செலுத்துவோர் வீட்டுக்கு அவ்வழியே எட்டாத ஆட்டம், கட்டணமில்லா வீட்டின் கூடத்தில் ஓடுகிறது என்பது இனிய முரண்.

இரண்டாவது கல்வி. 2017இல் 32 அலைவரிசைகளோடு ‘ஸ்வயம் பிரபா’ தொடங்கியது. நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2020இல் வகுப்புக்கு ஒன்றாக ‘பி.எம். இ-வித்யா’ அறிவிக்கப்பட்டது, 12ஆக இருந்த அதனை 200ஆக விரிக்கப் போவதாக 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் கூறியது. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரும்பேறு. ஆயினும் இந்த எண் காட்டுக்குள் தன் வகுப்புக்கும் தன் மொழிக்கும் உரிய பாடம் எந்த எண்ணில், எந்த நேரத்தில் வரும் என்று ஒரு தாய் எவ்வாறு அறிவார்? நூலகத்தில் நூல்கள் நிறைந்திருந்தும் பட்டியல் இல்லையெனில் அது கிடங்கே ஆகும்.

இனி, தமிழின் பங்கு இத்தனை சிறுத்ததன் காரணத்தை ஆராய்வோம். இதனை ஏதோ வஞ்சம் என்று கூறி ஆத்திரம் கொள்வது எளிது. உண்மை அதைவிடச் சாதாரணமானது. இத்தட்டில் தனியார் அலைவரிசைகளுக்கான இடங்கள் 2011 முதல் மின்வழி ஏலத்தில் விற்கப்படுகின்றன. அதிக விலை கேட்பவருக்கே இடம். இத்தட்டைப் பெரிதும் பொருத்தியிருப்போர் இந்தி பேசும் வடமாநிலச் சிற்றூர்களில் வாழ்வோர். அவர்களுக்குச் சோப்பும் தேயிலையும் விற்க விழையும் நிறுவனங்கள் இந்தி அலைவரிசைகளுக்கு விளம்பரம் தருகின்றன. அந்தப் பணமே ஏலத்தில் பேசுகிறது. தமிழகத்திலோ கேபிள் ஓங்கி நிற்கிறது. கட்டணம் பெற்றுவரும் தமிழ் அலைவரிசை, தன்னை இலவசமாகத் தர ஏன் முன்வரும்? தமிழ் அலைவரிசை இல்லாததால் தமிழர் தட்டு வாங்குவதில்லை. தமிழர் தட்டு வாங்காததால் தமிழ் அலைவரிசை வருவதில்லை. செக்குமாடு சுற்றுவது போன்ற சுற்று இது.

இந்திப் பார்வையாளருக்கும் இவ்வேலமுறை நிலையான உறுதி தரவில்லை என்பதையும் நோக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெரிய நிறுவனங்கள் தங்கள் இந்தி அலைவரிசைகளை இத்தட்டிலிருந்து விலக்கிக் கொண்டன; 2020இல் திரும்பி வந்தன; 2022 ஏப்ரலில் நான்கு முன்னணி அலைவரிசைகள் மீண்டும் வெளியேறின. இலாபம் கருதி வந்தவர் இலாபம் கருதியே போவர். வாணிகரின் இயல்பு அது. அவர்களைக் கடிந்து பயனில்லை. மக்களுக்குப் பொறுப்பான பொது நிறுவனம் ஒன்று, எந்த மொழியினருக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பெருமளவும் ஏலத்தின் தீர்ப்புக்கே விட்டுவிடலாமா என்பதே நம் வினா.

இவ்வினா நமக்குப் புதியதும் அன்று. 1975 ஆகஸ்டு 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, ஒரே அலைவரிசை ஆயினும், ‘வயலும் வாழ்வும்’ உழவரோடு தமிழில் பேசிற்று. ‘ஒலியும் ஒளியும்’ வெள்ளிக்கிழமை மாலைகளில் தெருவையே ஒரு வீட்டில் கூட்டிற்று. 1982 ஆகஸ்டு 15 முதல் தேசிய நிகழ்ச்சி வந்தது. அதன்பின் இரவுப் பொழுதில் திரை இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் கைமாறும். வீட்டுப் பெரியவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தோன்றிய பின்னர்த் தமிழுக்கு வானம் திறந்தது. பற்பல அலைவரிசைகள் கிளைத்தன. அவற்றின் தரம் பற்றி நமக்கு ஆயிரம் மனக்குறை உண்டு. பகையும் சூழ்ச்சியுமே குடும்பம் என்று காட்டும் நெடுந்தொடர்களை நாம் ஒருபோதும் போற்றியதில்லை. ஆயினும் அவை தமிழில் பேசின.

பிறகு விலைச்சீட்டு வந்தது. ‘டிராய்’ ஆணையத்தின் புதிய விதிகள் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, நூறு அலைவரிசைகள் வரையிலான அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு 130 ரூபாய். வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டண அலைவரிசைகளுக்கு அதற்கு மேலும் தனித்தனி விலை. விதிகள் பின்னர்ப் பலமுறை மாறினாலும், மொழிக்கு விலை என்னும் நிலை மாறவில்லை. காசு உள்ளவர் தமிழை வாங்கிக்கொள்ள, இல்லாதவர் இலவசத் தட்டுக்குத் திரும்பி, பாயைச் சுருட்டிய அந்தப் பழைய இரவுக்கே வந்து சேருகிறார். நாற்பது ஆண்டுக்கு முன் ஆணையால் நேர்ந்தது இன்று விலையால் நேர்கிறது.

இந்நிலையில் முழுச்சுமையும் டி.டி. தமிழின் தோளில் விழுகிறது. அதன் நிதானம் நமக்குப் பிடித்தமானது. கூச்சலின்றிச் செய்தி கேட்கவும், பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அச்சமின்றி அமரவும் அங்கு இயலும். எனினும் ஓர் அலைவரிசைக்கும் ஒரு நாளில் இருப்பவை இருபத்து நான்கு மணி நேரமே. அதற்குள் உழவரும் குழந்தையும் மாணவரும் இல்லத்தரசியும் இசை விரும்பியும் தத்தம் பங்கைக் கேட்டால், ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி கிடைக்கும், வயிறு நிறையாது. கம்பனும் இளங்கோவும் பேசப்படும் அவையில் உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கும் குணங்குடியார் பாடல்களுக்கும் இடம் வேண்டும் என்று நாம் கேட்பதும் நியாயமே. ஆனால் அந்த இடத்தை யாரிடமிருந்து எடுத்து நமக்குத் தருவார்கள்? பற்றாக்குறை உள்ள வீட்டில் உடன்பிறந்தாரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வர். குறை அவர்களிடத்தில் இல்லை, சட்டி சிறிது.

ஆகவே நாம் வேண்டுவன இவை. ஏலத்துக்கு அப்பால் ஒவ்வொரு பெருமொழிக்கும் உறுதியானதும் போதுமானதுமான பங்கு இத்தட்டில் இருத்தல் வேண்டும். டி.டி. தமிழுக்குத் துணையாக, குழந்தைகளுக்கும் இலக்கியத்துக்கும் பழைய நிகழ்ச்சிகளின் கருவூலத்துக்கும் இன்னுமோர் அலைவரிசை வேண்டும். கல்வி அலைவரிசைகளின் தமிழ்ப் பாட அட்டவணை ஒவ்வொரு பள்ளியின் சுவரிலும் ஒட்டப்பெற வேண்டும். இவற்றைக் கேட்கும் கடமை நமக்கும் உண்டு. அந்நாளில் ‘எதிரொலி’ நிகழ்ச்சிக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டவர் எத்தனை பேர்! இன்றோ நாம் எண்ணை மாற்றிவிட்டுப் பேசாதிருக்கிறோம். கேட்காத பந்தியில் பரிமாறுவோர் அடுத்த வரிசைக்குப் போய்விடுவர்.

அவ்வீட்டை விட்டு நாம் புறப்பட்ட மாலை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அலைவரிசைகளின் வரிசை முடியும் இடத்தில், இத்தட்டின் வழியே வானொலியும் வருகிறது. சிறுமி எண்களைத் தட்டிக்கொண்டே போய், ஆகாசவாணியின் தமிழ் ஒலிபரப்பில் நிறுத்தினாள். திரையில் படமேதும் இல்லை. அசையாத ஒரு பலகை மட்டுமே. ஒரு குரல் தெளிந்த தமிழில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. மூதாட்டி தம் நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, “இதையே வையும்மா, இது புரியுது” என்றார்.

அத்தனை வண்ணப் படங்களையும் கடந்து, படமே இல்லாத இடத்தில்தான் அவர் கைக்கு அந்தத் தட்டு எட்டியது.