பயணமும் வரலாறும்: ஏ. கே. செட்டியாரின் எழுத்துப்பணி

பயண நூல் எழுதுவோர் இருவகையினர். தாம் கண்ட நாட்டைச் சொல்வதாகத் தொடங்கித் தம்மையே சொல்லி முடிப்பவர் ஒரு வகை. தம்மை மறைத்துக்கொண்டு நாட்டைப் பேசவிடுபவர் மற்றொரு வகை. தமிழில் முதல் வகையினர் பலர். இரண்டாம் வகையினர் மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர் ஏ. கே. செட்டியார்.

1911-இல் பிறந்து 1983-இல் மறைந்த செட்டியார் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்தவர். இளமையில் இரங்கூன் சென்று 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக இருந்தார். பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்பது அவர் நூலின் பெயர். நாளடைவில் அவருக்கே பெயராகிவிட்டது. 'மலேயா முதல் கனடா வரை', 'அண்டை நாடுகள்', 'குடகு' என அவருடைய பயண நூல்கள் தொடர்ந்தன.

அவர் நடை எளியது. சிறு சிறு வாக்கியங்கள், அடைமொழிகள் அரியன. கண்டது இன்னது, கேட்டது இன்னது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இதனைச் சிலர் வறட்சி எனக் கருதக்கூடும். ஆயின் அச்சிக்கனமே அவ்வெழுத்துக்கு நீண்ட ஆயுளைத் தந்தது. வியப்புரைகள் எழுதிய காலத்தோடு பழமைப்பட்டுப் போகும். செய்தியோ ஆண்டுகள் செல்லச் செல்ல மதிப்பு மிகும். இன்று அந்நூல்களைப் படிப்போர் அவற்றை அக்கால வரலாற்றுச் சான்றுகளாகவே படிக்கின்றனர்.

பயணியும் வரலாற்றாளரும் ஒருவரே என்பதற்கு அவர் எடுத்த காந்தி படம் தக்க சான்று. 1937 அக்டோபர் 2, காந்தியடிகளின் பிறந்த நாள். அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்கையில் அப்படத்தை எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி அலைந்து, ஏறத்தாழ 50,000 அடி திரட்டினார். 1940-இல் தமிழ் விளக்கத்தோடு படம் வெளிவந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், போர்க் காலத்தில், இத்தகைய படத்தைத் திரையிடுவது எளிய செயலன்று. இங்கே பயணம் பொழுதுபோக்கு அன்று; சான்று தேடும் ஆராய்ச்சி. எங்கோ ஒரு கிடங்கில் யாரும் கருதாது கிடக்கும் சுருள் ஒரு நாட்டின் நினைவாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இதே உணர்வோடுதான் 1943-இல் 'குமரி மலர்' தொடங்கினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் மறைந்து கிடந்த கட்டுரைகளை அதில் மறுபதிப்புச் செய்தார். தமிழ்நாட்டைப் பற்றிய பழைய பயணக் கட்டுரைகளைத் திரட்டி 1968-இல் 'தமிழ்நாடு' என்னும் தொகுதியை வெளியிட்டார். தம் காலில் நடந்து கண்டதற்கு அளித்த மதிப்பையே முன்னோர் நடந்து கண்டதற்கும் அளித்தார்.

குறை இல்லையா எனின், உண்டு. செட்டியார் சான்றுகளைக் குவிப்பார். அவற்றைக் கோத்து ஒரு முடிவு கூறத் தயங்குவார். கடல்கடந்த தமிழர் வாழ்வில் வட்டித் தொழில் நடத்தியவரும் உண்டு; தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்தவரும் உண்டு. இவ்விரு சாராரின் வாழ்வு எவ்வாறு பிணைந்தது, ஏன் பிரிந்தது என்பதற்கு விடை காணக் குறிப்பு மட்டும் போதாது. காரணமும் ஆராயப்படல் வேண்டும். தன்னை மறைத்துக்கொள்வது பயணிக்கு அழகு. வரலாற்றாளர் சில இடங்களில் முன்வந்து தீர்ப்புக் கூறியே ஆகவேண்டும். ஆயினும் சான்று இன்றித் தீர்ப்புக் கூறுவாரினும், தீர்ப்பின்றிச் சான்று தருவாரே பின்வருவோர்க்குப் பயன்படுவர்.

இப்பயன் எத்தகையது என்பதைப் பத்துமலை கொண்டு அறியலாம். 1878-இல் அமெரிக்க உயிரியலாளர் வில்லியம் ஹார்னடே அக்குகைகளுக்குச் சென்றார். 1885-இல் வெளிவந்த தம் பயண நூலில் அவற்றை எழுதினார், உலகம் அறிந்தது. தமிழர் அங்கு முருகனை நிறுவியது அதன் பின்னரே. கே. தம்புசாமி பிள்ளையின் முயற்சியால் வழிபாடு தொடங்கியது. 1892 முதல் தைப்பூசம் நடைபெறுகிறது. 272 படிகளில் ஏறிய மக்களின் தொகை எண்ணில் அடங்காது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் ஏறிய ஒரு தமிழ்த் தொழிலாளி தான் கண்டதை எழுதிய நூல் எங்கே? சில நாள் தங்கிய வெளிநாட்டார் எழுத்து நிலைத்தது; தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் நினைவோ வாய்மொழியில் கரைகிறது.

பிரிக்பீல்ட்ஸ் செங்கற்சூளைகளால் பெயர் பெற்றது. பின்னர் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் தமிழர் செறிந்த இடமாயிற்று. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 1886-இல் தொடங்கிய இரயில் பாதையோடு தமிழர் உழைப்பும் கலந்திருக்கிறது. இவ்விடங்களில் பழைய வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. வீட்டோடு மறைவது சுவர் மட்டுமன்று. பெட்டிக்குள் கிடந்த கடிதமும், கோயில் வரவு செலவுக் கணக்கும், மணி விழா மலரும், மங்கிய குடும்பப் படமும் உடன் மறைகின்றன.

செட்டியார் உலகெங்கும் தேடியவை இத்தகைய பொருள்களே அன்றோ? அவருக்குப் பின்னால் பெரிய நிறுவனம் இருந்ததில்லை. இருந்தவை ஒரு படப்பெட்டி, ஒரு குறிப்பேடு, சலியாத கால்கள். அவரைப் போற்றுதல் என்பது அவர் நூல்களை அலமாரியில் வரிசையாக அடுக்குதல் அன்று. அவரவர் ஊரில், அவரவர் தெருவில், முதியோரிடம் கேட்டு எழுதுதலும் பழந்தாளைக் காத்தலுமே அவருக்குச் செய்யும் சிறப்பு. அப்பணிக்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாற் போதும்.