தறி மிதித்தால் தொடை வலுக்குமா?

"நாள் முழுவதும் தறி மிதிப்பவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கமண்டல நாக நதிக்கரையில் உள்ள ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில் இக்கருத்து இயல்பாகவே தோன்றக் கூடியது. இது சரிதானா என்று ஆராய்வோம்.

தொடையின் முன்புறத்தில் இருப்பது நாற்றலைத் தசை. நான்கு பகுதிகளாகத் தொடங்கும் இது, கீழே ஒரே நாணாகி முழங்காற் சில்லைப் பற்றி, கீழ்க்காலின் பெரிய எலும்பில் முடிகிறது. முழங்காலை நீட்டுவது இதன் வேலை. பின்புறத்தில் உள்ள மூன்று தசைகள் முழங்காலை மடக்குகின்றன. இடுப்பிலிருந்து தொடையைப் பின்னோக்கித் தள்ளவும் உதவுகின்றன. உட்புறத் தசைகள் இரு தொடைகளையும் ஒன்று சேர்க்கின்றன.

குழித்தறியில் அமர்ந்து மிதிகட்டையை அழுத்தும்போது இத்தசைகள் வேலை செய்கின்றன என்பது உண்மையே. ஆனால் முழங்கால் சிறிதளவே அசைகிறது. உடலின் எடையோ பலகையின் மேல் இருக்கிறது. தொடை அதைத் தாங்குவதில்லை. மேலும், பத்து ஆண்டுகளுக்கு முன் மிதித்த அதே சுமையைத்தான் இன்றும் மிதிக்கிறார். பழகிய சுமைக்குத் தசை மேலும் வளர வேண்டிய தேவை என்ன?

இவ்வேறுபாட்டை 1945ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார் அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம். போரில் காயமுற்றுத் தொடை மெலிந்த வீரர்களுக்கு, குறைந்த தடவைகளே செய்யும் கடின எடைப் பயிற்சியைத் தந்து, எடையைப் படிப்படியாகக் கூட்டினார். சிறு சுமையைப் பலமுறை அசைத்தால் தாங்குதிறன் வளரும். பெருஞ்சுமையைச் சிலமுறை அசைத்தால்தான் வலிமை வளரும் என்பது அவர் கொள்கை. தறி தருவது முதலாவது. குழியிலிருந்து கையூன்றாமல் எழத் தேவைப்படுவதோ இரண்டாவது.

மருத்துவ நூல்களில் ஒரு வேடிக்கை உண்டு. உடலிலேயே மிக நீளமான தொடைத் தசைக்குத் தையற்காரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் சம்மணமிட்டு அமர்வதே காரணம். நெசவாளரின் பெயரோ ஒரு நோய்க்குத்தான் கிடைத்தது. கடினப் பலகையில் நெடுநேரம் அமர்வதால் இடுப்பெலும்பின் அடியிலுள்ள சிறு நீர்ப்பை வீங்கி வலிப்பதை ஆங்கிலத்தில் 'நெசவாளர் பிட்டம்' என்றே அழைத்தனர். உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"வயதாகிவிட்டது, இனி என்ன பயிற்சி?" என்ற எதிர்வாதமும் நிற்காது. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் சிலருக்கு எட்டு வாரம் கால் எடைப் பயிற்சி அளித்தனர். அவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது.

அப்படியானால் நாள்தோறும் நூறு தோப்புக்கரணம் போடலாமா? எல்லோருக்கும் இதையே சொல்லும் அறிவுரையும் குறையுடையதே. முழங்கால் ஆழமாக மடங்க மடங்க, சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே அழுத்தம் கூடுகிறது. பழக்கமில்லாதவர் எளிதிலிருந்து தொடங்குவதே முறை.

உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு எழுந்து அமருங்கள். பத்து முறை எளிதாக வந்தால், சற்றுத் தாழ்ந்த இருக்கைக்கு மாறுங்கள். அடுத்து வாசற்படியில் ஒரு காலால் ஏறி இறங்கலாம். பின்தொடைக்கு, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, பாதங்களை ஊன்றி இடுப்பை உயர்த்தினால் போதும். வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சி தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. இடையில் ஓய்வும், பருப்பு, முட்டை போன்ற புரத உணவும் வேண்டும். மூட்டு வீங்கியோ கடுமையாக வலித்தோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

தறி சோறு போடுகிறது. அதனிடம் உடல்வலிமையையும் சேர்த்துக் கேட்பது பொருந்தாது. உங்கள் வீட்டுப் பெரியவர் தறிக்குழியிலிருந்து எழும்போது எதைப் பற்றிக்கொள்கிறார் என்று இன்று கவனியுங்கள். அவர் தொடையின் நிலையை அந்தக் கை சொல்லிவிடும்.