கடவுச்சீட்டை வரைந்த ஓவியர்

அரசு ஒரு கலைஞனைத் துன்புறுத்தியது என்பதற்காக மட்டும் அவனது கலை உயர்ந்ததாகிவிடாது. சோவியத் கால மாற்று ஓவியர்களைப் பற்றி எழுதுவோரிற் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். ஒஸ்கார் ரபின் (1928 - 2018) என்றதும் புல்டோசர்தான் பேசப்படுகிறது, ஓவியம் பின்தள்ளப்படுகிறது.

சம்பவம் பெரியதுதான். 1974 செப்டெம்பர் 15ஆம் திகதி, மொஸ்கோவின் பெல்யாயெவோ பகுதியில் ஒரு வெற்று நிலத்தில் ரபினும் நண்பர்களும் தமது ஓவியங்களைக் காட்சிக்கு வைக்க முயன்றனர். புல்டோசர்களும் நீர் பாய்ச்சும் வண்டிகளும் ஏவிவிடப்பட்டன. உலகப் பத்திரிகைகள் இதனை எழுதின. நாணிப்போன அதிகாரிகள் இரு வாரங்களின் பின் இஸ்மாயிலோவோ பூங்காவில் நான்கு மணிநேரக் கண்காட்சிக்கு அனுமதி தந்தனர்.

ஆனால் இந்த ஓவியங்களில் அரசு அஞ்சியது எதனை? ரபின் கோஷம் எதனையும் வரையவில்லை. லியனோசொவோவில் பழைய மரப் பராக்கொன்றில் குடியிருந்து, புகையிரதப் பகுதியில் உழைத்தவர் அவர். சாய்ந்த குடிசைகள், மண்ணெண்ணெய் விளக்கு, வொட்காப் போத்தல், பத்திரிகைத் தாளில் கிடக்கும் உப்பு மீன் ஆகியவற்றைக் கறுத்த கோடுகளாலும் சேற்று நிறங்களாலும் தீட்டினார். ஒளிமயமான நாளையை வரையுமாறு சோஷலிஸ யதார்த்தவாதம் கட்டளையிட்டது. இவரோ இன்றைய முற்றத்தை வரைந்தார். குற்றம் அதுவே.

அவரது 'கடவுச்சீட்டு' (1972) என்னும் ஓவியம் தனித்து நோக்கத்தக்கது. தனது அடையாளப் பத்திரத்தையே பெரிதாக வரைந்து, இறக்கும் இடம் எது என்ற கேள்வியையும் அதில் எழுதிவைத்தார். தாய் லத்வியர், தந்தை யூதர். மனிதனை ஒரு பத்திரத்தின் கட்டங்களுக்குள் அடக்கும் அதிகாரத்தை அதன் மொழியிலேயே கேலிசெய்யும் படைப்பு இது. ஆறு ஆண்டுகளின் பின் அதிகாரம் பதில் சொன்னது. 1978இல் மனைவி வலென்டீனாவுடனும் மகனுடனும் வெளிநாடு சென்றிருந்தபோது அவரது குடியுரிமை பறிக்கப்பட்டது. எஞ்சிய வாழ்வு பாரிஸில் கழிந்தது.

பாரிஸ் ஓவியங்களில் அவர் புதிதாக எதுவும் செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு முற்றிலும் தவறானதல்ல. பழகிய போத்தலும் மீனும் சில இடங்களில் வெறும் கையொப்பமாகிவிடுகின்றன. எனினும் உலகின் அழகு நகரமெனப் புகழப்பட்ட ஊரையும் அவர் அதே மங்கிய நிறத்திலேயே கண்டார். அடைக்கலம் தந்த நகருக்கு முகஸ்துதி செய்ய அவரது தூரிகை இணங்கவில்லை. மொஸ்கோவில் வரைந்தது வெறும் அரசியல் எதிர்ப்பல்ல, ஒரு பார்வை என்பதை நிறுவியது இந்தப் பிடிவாதமே.

1990இல் குடியுரிமை மீண்டது. ஆயினும் அவர் பிரான்ஸிலேயே வாழ்ந்தார். 2018 நவம்பரில் இத்தாலியின் புளோரன்ஸில் காலமானார். கடவுச்சீட்டில் அவர் எழுதிய கேள்விக்கு எந்த அலுவலகமும் முன்கூட்டி விடை எழுத முடியவில்லை.