பழுதுபார்த்தலும் பழுதாக்கலும்

பழைய கட்டடத்தைக் காப்பதற்கு வலிமை மிக்க பொருளே ஏற்றது என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. யாழ்ப்பாணக் கோட்டையை முன்வைத்து நோக்குங்கால் அது ஆய்வுக்கு நிற்பதன்று.

போர்த்துக்கேயர் தொடக்கி, 1680இல் ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் விரித்த இக்கோட்டையில் முருகைக்கல்லே பெரிதும் பயின்றுள்ளது. 1990ஆம் ஆண்டு முற்றுகையிலும் பின்னைய போரிலும் சிதைந்த இதனை, 2009இன் பின்னர் தொல்லியல் திணைக்களம் நெதர்லாந்தின் உதவியுடன் புனரமைக்கலாயிற்று.

முருகைக்கல் நுண்டுளைகள் நிறைந்தது; கடனீரேரியின் உப்பீரத்தை உறிஞ்சிப் பின் வெளிவிடுவது. சுண்ணாம்புச் சாந்து அவ்வீரத்துக்கு வழிவிடும், சீமெந்தோ தடுக்கும். தடைப்பட்ட ஈரம் கல்வழியே வெளியேற, உப்பு கல்லினுள்ளே படிகமாகித் துளைகளைப் பிளக்கும். சாந்து நிலைக்கக் கல் உதிரும். உதிரவேண்டியது சாந்தேயன்றிக் கல்லன்று. சாந்தை மீளப் பூசலாம்.

ஏதென்ஸ் அக்ரோபோலிசில் பலனோஸ் என்னும் பொறியியலாளர் இட்ட இரும்புப் பிணைப்புகள் துருவேறிப் பருத்துச் சலவைக்கல்லைப் பிளந்தன. அவற்றை அகற்றித் தைத்தேனியம் இடவேண்டியதாயிற்று. 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும், நவீன நுட்பத்தின் பயன் அறிவியற் சான்றாலும் அனுபவத்தாலும் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும் என்கின்றது.

ஆயின் நம்மவர் மதிப்பீடு, எழும்பிய மதிலின் பொலிவோடு அமைந்துவிடுகின்றது. சாந்தின் சேர்க்கை யாது, உப்பின் அளவு எவ்வளவு, பத்தாண்டின் பின் அண்டைக்கல்லின் நிலை என்ன என்பனவே முதன்மையான வினாக்கள். கந்தரோடைத் தூபிகளுக்கும் இவை பொருந்தும். வினவாது செய்யும் பழுதுபார்ப்பு, பீரங்கி விட்டுவைத்த கல்லையும் மெல்ல அழித்துவிடும்.